ஐ.பி.எஸ். குடல் கோளாறுக்கான மருந்துகள்: எந்தத் தொல்லைக்கு எது?

வயிற்று வலிக்காக மருத்துவரைப் பார்த்த ஒருவர் மூன்று மருந்துகள் எழுதிய சீட்டுடன் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு முன் மெபெவெரின், தண்ணீரில் கலந்து குடிக்க இசப்கோல், இரவு படுக்கப் போகும்போது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மூன்றாவது பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். மனச்சோர்வுக்கான மருந்து என்று திரையில் வருகிறது. வயிறு வலிக்கிறது என்று சொன்னதற்கு மனநோய் மாத்திரையா என்ற கோபத்தில் அந்த அட்டையைப் பிரிக்காமலேயே அலமாரியில் போட்டுவிடுகிறார். மற்ற இரண்டையும் நான்கு நாள் சாப்பிட்டுப் பார்த்து, வலி விட்டபாடில்லை என்று அவற்றையும் நிறுத்திவிடுகிறார். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு உள்ளவர்களிடம் இது அடிக்கடி நடப்பதுதான். அந்த மூன்று மருந்துகளும் ஏன் ஒரே சீட்டில் இடம்பெற்றன, அவற்றிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் உள்ள சங்கடத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கமே ஐ.பி.எஸ். தமிழ் எழுத்தில் இந்தச் சுருக்கப் பெயரும் காவல்துறை உயரதிகாரிகளின் பணிப்பெயரும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. 'எரிச்சல் குடல் நோய்' என்று மொழிபெயர்த்தாலோ, குடல் நெருப்பாய் எரியும் நோய் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். இங்கே எரிச்சல் என்பது மிளகாய் தின்ற எரிச்சலன்று; தொட்டதற்கெல்லாம் சிணுங்கும் குழந்தையைப் போலக் குடல் சிறு தூண்டலுக்கும் மிகையாக எதிர்வினை காட்டுவதையே அச்சொல் குறிக்கிறது. மருத்துவர்களும் நோயாளிகளும் ஐ.பி.எஸ். என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கோளாறில் பெருங்குடலுக்குள் கருவியை விட்டுப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை. ஆனாலும் வலி உண்மையானது. குடலின் சுவரில் தனக்கென்று ஒரு நரம்பு வலை இருக்கிறது. அது முதுகுத்தண்டின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையுடன் இடைவிடாமல் செய்தி பரிமாறிக்கொள்கிறது. மனநிலையோடு சேர்த்தே பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஐ.பி.எஸ். உள்ளவரிடம் இந்தச் செய்திப் பரிமாற்றம், ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டிவைத்த வானொலியைப் போல் ஆகிவிடுகிறது. மற்றவர்கள் உணராமலேயே கடந்துபோகும் வாயுவின் அழுத்தமும் குடலின் இயல்பான சுருக்கமும் இவருக்கு வலியாக வந்து சேர்கின்றன. அத்துடன் குடலசைவின் வேகமும் மாறுகிறது. வேகம் கூடினால் வயிற்றுப்போக்கு, குறைந்தால் மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி.

ஐ.பி.எஸ்.ஸை இனங்காண மருத்துவ வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளிவந்த நான்காம் ரோம் வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருந்திருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் கழிக்கும் தடவைகள் மாறுவதோடு சேர்ந்ததாகவோ, மலத்தின் தன்மை மாறுவதோடு சேர்ந்ததாகவோ, இம்மூன்றில் இரண்டேனும் பொருந்துவதாக இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலத்தின் தன்மையைச் சொல்ல வெட்கப்படுவோருக்காகவே பிரிஸ்டல் அளவுகோல் என்ற படவரிசை இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை போன்ற கெட்டி உருண்டைகள் முதல் வகை, வெறும் தண்ணீராகப் போவது ஏழாம் வகை; எண்ணைச் சொன்னால் போதும். இந்த எண்களை வைத்துத்தான் மலச்சிக்கல் மிகுந்த வகை, வயிற்றுப்போக்கு மிகுந்த வகை, கலப்பு வகை என்று மருத்துவர் பிரிக்கிறார். மருந்துத் தேர்வு முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

மருந்துகளுக்குள் நுழையும் முன் ஒரு எச்சரிக்கை. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, தொடர் காய்ச்சல், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய், ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகிய எதுவும் இருந்தால் ஐ.பி.எஸ். என்று தாமாகவே முடிவு செய்துகொள்ளக் கூடாது. குடல் காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் இந்தியா போன்ற நாட்டில் இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கையன்று.

நோய்க்கன்று, தொல்லைக்கே மருந்து

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் என்பதுபோல ஐ.பி.எஸ்.ஸை வேரறுக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. இருப்பவை எல்லாம் ஒவ்வொரு தொல்லையைத் தணிப்பவை. வலிக்கு ஒன்று, இளகிய மலத்துக்கு ஒன்று, இறுகிய மலத்துக்கு ஒன்று, மிகையாக உணரும் நரம்புகளுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு அருமையாகக் கேட்ட மாத்திரை உங்கள் நிலையை மோசமாக்கக் கூடும் என்பதன் காரணமும் இதுவே. அவருக்கு வயிற்றுப்போக்கு, உங்களுக்கு மலச்சிக்கல் என்றால் அவருடைய மருந்து உங்களுக்கு எதிரி. ஆகவே 'ஐ.பி.எஸ்.ஸுக்கு நல்ல மருந்து எது?' என்று கேட்பதைவிட, 'எனக்கு எந்தத் தொல்லை முன்னே நிற்கிறது?' என்று கேட்டுக்கொள்வது சரியான தொடக்கம்.

இசப்கோல்

விலை குறைந்தது என்பதாலேயே பலரும் மருந்தாக மதிக்காத இசப்கோலுக்கு நான் முதலிடம் தருவேன். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு சிறு செடியின் விதை உமி அது. குஜராத்தின் ஊஞ்சா சந்தையில் சீரகத்தோடு சேர்ந்து மூட்டை மூட்டையாகக் கைமாறுவது. விதையின் வடிவத்தைப் பார்த்துப் பாரசீகர்கள் 'குதிரையின் காது' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அதுவே இசப்கோல் ஆயிற்று. ஒரு கரண்டி உமியைத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்: சப்ஜா விதை ஊறியதுபோல் தண்ணீர் முழுவதும் கொழகொழவென்று கூழாகிவிடும். குடலுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. இறுகிய மலத்தில் அந்தக் கூழ் ஈரத்தைப் பிடித்துவைத்து அதை இளக்குகிறது. இளகிய மலத்தில் மிகுதியான நீரை உறிஞ்சிக்கொண்டு அதற்கு உருக்கொடுக்கிறது. எதிரெதிரான இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே பொருள் உதவுவது இதனால்தான்.

நார்ச்சத்து என்றால் எல்லாம் ஒன்று என்று எண்ணுவது தவறு. நெதர்லாந்தில் 275 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இசப்கோல், ஒரு குழுவுக்குக் கோதுமைத் தவிடு, ஒரு குழுவுக்கு வெறும் அரிசி மாவு என்று பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில் இசப்கோல் எடுத்தவர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் வயிறு இன்னும் மோசமாகிறது என்று பாதியிலேயே விலகிக்கொண்டார்கள். நீரில் கரையும் நார் உதவுகிறது, கரையாத நார் உப்புசத்தைக் கூட்டுகிறது என்பதே பாடம். எனவே ஐ.பி.எஸ். உள்ளவரிடம் 'தவிட்டு ரொட்டி சாப்பிடுங்கள்' என்று சொல்வது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்.

இசப்கோலைத் தொடங்கும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். முதல் நாளே இரண்டு மூன்று கரண்டி எடுத்தால் வாயு நிறைந்து வயிறு வீங்கும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுவதே முறை. நிறையத் தண்ணீர் கட்டாயம். வாயில் கொட்டிக்கொண்டு ஒரு மடக்கு நீரில் விழுங்கினால் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை உறிஞ்சவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால் அவற்றுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு மணிநேர இடைவெளி வேண்டும். பலன் தெரிய மூன்று நான்கு வாரமாகும்.

முறுக்கும் வயிற்றுக்கு

வயிற்றைத் துணி பிழிவதுபோல் முறுக்கி எடுக்கும் வலிக்குக் காரணம் குடல் தசை இறுகிப் பிடித்துக்கொள்வது. அந்தப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்துகள் பல உண்டு. அவை வேலை செய்யும் வழிதான் வேறு.

ஒரு பிரிவு, தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியை இடைமறிக்கிறது. டைசைக்ளோமினும் ஹையோசின் பியூட்டைல் புரோமைடும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. ஹையோசின் நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. ஊமத்தையில் இருக்கும் நஞ்சுகளில் அதுவும் ஒன்று. ஊமத்தங்காயைத் தின்றவர் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, நினைவு தப்பிப் பிதற்றுவது அந்தச் சரக்கு மூளைக்குள் நுழைவதால்தான். வேதியியலாளர்கள் அதன் மூலக்கூற்றில் ஒரு வாலை ஒட்டி, மூளைக்குள் எளிதில் நுழைய முடியாதபடியும் குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்படியும் மாற்றியமைத்ததே இன்று நாம் விழுங்கும் பியூட்டைல் புரோமைடு மாத்திரை. இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம். மருந்தையும் நஞ்சையும் பிரித்தது அந்த வால்தான். டைசைக்ளோமினுக்கு அப்படிப்பட்ட தடை கிடையாது. அது ஓரளவு மூளையையும் எட்டுவதால் முதியவர்களுக்குத் தடுமாற்றமும் குழப்பமும் உண்டாகலாம். இரண்டுமே வாயை வறட்டும், பார்வையை மங்கச் செய்யும், மலச்சிக்கலைக் கூட்டும். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்பு உள்ளவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இன்னொரு பிரிவு தசையின் மீதே நேரடியாகச் செயல்படுகிறது. ட்ரோட்டாவெரின் அதில் ஒன்று, மெபெவெரின் மற்றொன்று. மெபெவெரினை வழக்கமாக 135 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பாகக் கொடுக்கிறார்கள். அந்த இருபது நிமிடத்துக்குக் காரணம் உண்டு: உணவு இரைப்பையில் விழுந்ததுமே பெருங்குடல் சுருங்கத் தொடங்குவது உடலின் இயற்கை, ஐ.பி.எஸ். உள்ளவரைச் சாப்பிட்ட கையோடு கழிவறைக்கு ஓடவைப்பது அந்தச் சுருக்கமே. மருந்து அதற்கு முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும். பக்கவிளைவு குறைவு என்பது மெபெவெரினின் பெரிய நற்பெயர். ஆனால் தனியாக எடுத்துச் சோதித்த ஆய்வுகளில் அதன் பலன், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக மேலெழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதினா எண்ணெய்க் குளிகையும் இந்த வரிசையில் சேர்வதே. அதிலுள்ள மென்தால், தசைக்குள் கால்சியம் நுழையும் வாயில்களை அடைத்துப் பிடிப்பைத் தளர்த்துகிறது. குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சுப் பூசிய குளிகையாக இருந்தால்தான் பயன். கடித்து மென்றால் எண்ணெய் மேலேயே வெளிப்பட்டு நெஞ்செரிச்சலைத்தான் தரும். வீட்டில் புதினாத் துவையல் அரைத்துச் சாப்பிடுவது நாவுக்கு நல்லது. அதை இந்த மருந்தோடு ஒப்பிட முடியாது.

மருந்துக்கடையில் வயிற்று வலி என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது டைசைக்ளோமினும் மெஃபனமிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. மாதவிடாய் வலிக்கென்று வீட்டில் வாங்கிவைத்ததையே வயிற்று முறுக்கலுக்கும் போட்டுக்கொள்வோர் ஏராளம். மெஃபனமிக் அமிலம் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடிய வலி மாத்திரை வகை. குடல் பிடிப்புக்கு அது தேவையே இல்லை. அரிதாகக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றோடு கூடிய கடும் ஒவ்வாமையை அது உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. மாதக்கணக்கில் தொடரும் ஒரு கோளாறுக்கு இக்கலவையைத் தின்றுகொண்டிருப்பதை நான் ஏற்கவில்லை.

போக்குக்கும் சிக்கலுக்கும்

வயிற்றுப்போக்கு மிகுந்த வகைக்கு எளிதில் கிடைப்பது லோப்பரமைடு. பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வகத்தில் 1969இல் உருவான இம்மருந்து, சொந்தத்தில் அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. குடலில் அபின் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளைப் பிடித்து அசைவைத் தாமதப்படுத்துகிறது; மூளைக்குள் நுழைய முயன்றால் அங்குள்ள காவல் புரதம் அதை வெளியே தள்ளிவிடுவதால் வழக்கமான அளவில் மயக்கமோ போதையோ தருவதில்லை. மலத்தைக் கட்டுவதில் கெட்டி. வலியையோ உப்புசத்தையோ தணிப்பதில் அவ்வளவு கெட்டியன்று. நீண்ட பேருந்துப் பயணத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ முன்னால் ஒரு மாத்திரை என்று தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வதே இதன் சிறந்த பயன் என்று சொல்லலாம். காய்ச்சலும் இரத்தமுமாகப் போகும் சீதபேதியில் இதைத் தொடவே கூடாது. அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பின் சீர் குலையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்திருக்கிறது.

பித்தநீர் உப்புகள் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் சிந்துவதாலும் ஐ.பி.எஸ். போன்றே வயிற்றுப்போக்கு வரும். பித்தப்பையை எடுத்துவிட்டவர்களிடம் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களுக்குப் பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் தூள் கொடுத்தால் பல ஆண்டுத் தொல்லை சில நாட்களில் அடங்குவதுண்டு.

ரிஃபாக்சிமின் சற்று விரிவாகப் பேச வேண்டிய மருந்து. காசநோய்க்கான ரிஃபாம்பிசினின் தாயாதி அது. ஆனால் இரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. குடலுக்குள்ளேயே இருந்து நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றியமைக்கிறது. வயிற்றுப்போக்கு வகை ஐ.பி.எஸ்.ஸுக்காக அமெரிக்காவில் 2015 மே மாதம் அனுமதி பெற்றது. 550 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று தடவை, பதினான்கு நாள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேருக்குப் போதிய நிவாரணம் கிடைத்தது. நல்ல எண்ணிக்கை என்று தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை எடுத்தவர்களில் 32 பேருக்கும் அதே நிவாரணம் கிடைத்தது. மருந்தின் தனிப் பங்கு என்பது நூற்றுக்கு ஒன்பது பேர் மட்டுமே. ஐ.பி.எஸ். மருந்துகளைப் பற்றிய எந்த விளம்பரத்தைப் படித்தாலும் இந்தக் கழித்தல் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வெற்று மாத்திரையின் இந்த வலிமை ஏமாற்று என்று ஒதுக்கத் தக்கதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட் காப்சக்கின் குழு, 80 ஐ.பி.எஸ். நோயாளிகளில் ஒரு பாதியினரிடம் 'இதில் மருந்து எதுவும் இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரையைக் கொடுத்தது. மூன்று வாரத்தில் அவர்களில் 59 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை எதுவும் பெறாதவர்களில் அது 35 விழுக்காடு. 2010இல் வெளியான இந்த முடிவு, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான பேச்சு எவ்வளவு நெருக்கமானது என்பதற்குச் சான்று. கவனித்துக் கேட்கும் மருத்துவர் கொடுக்கும் மாத்திரை கூடுதலாக வேலை செய்வதாகத் தோன்றுவது வெறும் பிரமை இல்லை.

மலச்சிக்கல் வகைக்கு வருவோம். இசப்கோல் போதாதபோது பாலிஎத்திலீன் கிளைகால் தூளைக் கொடுக்கிறார்கள்; அது நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குமே தவிர வலியைக் குறைக்காது. பலர் கைப்பழக்கமாக எடுக்கும் லாக்டுலோஸ் பாகு குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குவதால், உப்புசத்தால் ஏற்கெனவே அவதிப்படுபவருக்கு ஏற்றதன்று. புதிய மருந்துகளில் லினாக்ளோடைடின் கதை சுவையானது. பயணிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ஈ.கோலி நுண்ணுயிரின் நஞ்சு குடல் சுவரின் எந்தப் பூட்டைத் திறந்து நீரைக் கொட்டவைக்கிறதோ, அதே பூட்டுக்குப் பொருந்துமாறு செய்த சிறு புரதத் துண்டு இது. குடல் சுவரிலிருந்து நீர் சுரக்கச் செய்வதோடு வலியுணரும் நரம்புகளையும் அமைதிப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 2012 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. காலை உணவுக்கு அரை மணிநேரம் முன் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். எதிர்பார்க்கக் கூடிய பக்கவிளைவு, சொல்லவே வேண்டாம், வயிற்றுப்போக்குதான். லூபிப்ரோஸ்டோன் வேறொரு வழியில் நீரைச் சுரக்கவைக்கிறது. குமட்டல் வருவதால் உணவோடு எடுக்கச் சொல்வார்கள்.

அனுமதி பெற்றுப் பின்னர் பின்வாங்கப்பட்ட மருந்துகளும் இத்துறையில் உண்டு. செரட்டோனின் ஏற்பி ஒன்றை அடைக்கும் அலோசெட்ரான் 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பெருங்குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து பாதிப்பு, கடும் மலச்சிக்கல் ஆகிய காரணங்களால் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2002இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. மலச்சிக்கல் வகைக்கான டெகாசெரோட் 2007இல் இதயப் பாதிப்பு ஐயத்தால் அங்கே நிறுத்தப்பட்டது. இந்தியா 2011இல் அதைத் தடை செய்தது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு கோளாறுக்கு எவ்வளவு ஆபத்தைத் தாங்கலாம் என்ற கேள்வி இம்மருந்துகளின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

அந்தப் பிரிக்காத அட்டை

இனி அலமாரியில் கிடக்கும் அமிட்ரிப்டிலினுக்கு வருவோம். மனச்சோர்வுக்கு இம்மருந்தை 75 மில்லிகிராம், 150 மில்லிகிராம் என்ற அளவுகளில் கொடுப்பார்கள். ஐ.பி.எஸ்.ஸுக்குக் கொடுப்பது 10 முதல் 30 மில்லிகிராம் வரை. இவ்வளவு சிறிய அளவு மனநிலையை மாற்றுவதற்குக் கொடுக்கப்படுவதன்று. குடலிலிருந்து மூளைக்கு ஏறும் வலிச் செய்தியின் ஒலியைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படுவது. நீரிழிவால் பாதம் எரிகிறவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும் இதே மருந்தைச் சிறு அளவில் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். ஒரு மருந்துக்கு முதலில் கண்டறியப்பட்ட பயன் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவே.

இங்கிலாந்தில் 55 பொது மருத்துவ நிலையங்களின் வழியாக 463 பேரைச் சேர்த்து நடத்திய அட்லாண்டிஸ் ஆய்வு 2023 அக்டோபரில் வெளியானது. முதற்கட்ட மருந்துகள் பலன் தராதவர்களை எடுத்துக்கொண்டு, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, தொல்லையையும் பக்கவிளைவையும் பொறுத்து 30 வரை தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ள அனுமதித்து, ஆறு மாதம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களில் தொல்லை தணிந்ததாகச் சொன்னவர்கள் தெளிவாக மிகுதி. வாய் வறட்சி, காலையில் தூக்கக் கலக்கம் போன்றவை இருந்தன. சிலர் அதனால் விட்டுவிட்டார்கள். குடலசைவைச் சற்றுத் தாமதப்படுத்தும் இயல்பு இருப்பதால் வயிற்றுப்போக்கு வகையினருக்கு இது இரட்டை நன்மை. மலச்சிக்கல் வகையினருக்கு யோசித்தே கொடுப்பார்கள். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவு மீறினால் ஆபத்தான மருந்து என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பலன் எப்போது தெரியும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததுதான் இம்மருந்தின் பெரிய குறை. முதல் வாரத்தில் தெரிவது பக்கவிளைவு மட்டுமே. வலி குறைவது மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருப்பவர் முதல் வாரத்தில் பயந்து நிறுத்துவதில்லை.

இதே சீட்டுகளில் இன்னொரு பெயரும் தென்படும்: கிளிடினியமும் குளோர்டயாசெபாக்சைடும் சேர்ந்த மாத்திரை. இரண்டாவது சரக்கு பதற்றத்தைத் தணிக்கும் மருந்து. பழக்கத்துக்கு அடிமையாக்கும் இயல்புடையது. சில நாட்களுக்கு எழுதிக்கொடுத்த சீட்டையே மடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவோர் உண்டு. திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும் வரும். அமிட்ரிப்டிலினுக்கு அஞ்சி இதைத் தயங்காமல் விழுங்குவதைப் பார்த்தால், எந்தப் பெயருக்கு அஞ்ச வேண்டும் என்பதே தலைகீழாகிவிட்டதாகத் தோன்றுகிறது.

பழைய 'அமீபா'வும் மெட்ரோனிடசோலும்

நம்மூரில் நாட்பட்ட வயிற்றுத் தொல்லைக்கு 'அமீபியாசிஸ்' என்ற முத்திரையைக் குத்தி, மெட்ரோனிடசோலை ஐந்து நாள் கொடுப்பது ஒரு காலத்துப் பெருவழக்கம். இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. உண்மையான அமீபா சீதபேதிக்கு அது சிறந்த மருந்து. ஆனால் மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லாதவருக்கு, மாதத்துக்கு ஒரு முறை வயிறு கலக்கும்போதெல்லாம் அதைக் கொடுப்பதில் பொருளில்லை. வாயெல்லாம் உலோகக் கசப்பு, குமட்டல், கெட்ட நுண்ணுயிரோடு நல்லதும் சேர்ந்து அழிவது என்பவை கிடைக்கும். அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். வயிற்றுக்காக மெட்ரோனிடசோலைப் பலமுறை சாப்பிட்டும் தீராதவர், அமீபாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஐ.பி.எஸ். பற்றிக் கேட்பது நல்லது.

நல்ல நுண்ணுயிர்ப் பொடிகளான புரோபயாட்டிக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சிலருக்கு உதவுகின்றன. எந்த வகை யாருக்கு என்பதற்குத் திடமான விடை கிடையாது. விரும்பினால் ஒரு வகையைச் சில வாரங்கள் எடுத்துப் பார்த்து, மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். ஒரு கிண்ணம் தயிர் இதைவிட மலிவு.

மருந்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

ஐ.பி.எஸ். அலைபோல் ஏறி இறங்கும் கோளாறு. உச்சத்தில் இருக்கும்போது மருந்தைத் தொடங்கினால் அலை தானாகவே இறங்கியதை மருந்தின் பலன் என்று நினைத்துக்கொள்வோம். அடங்கியிருக்கும்போது தொடங்கினால் அடுத்த ஏற்றத்துக்கு மருந்தின் மேல் பழி போடுவோம். இதைத் தவிர்க்க ஒரு நாட்காட்டித் தாளே போதும். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஓர் எண், பிரிஸ்டல் வகைக்கு ஓர் எண், எத்தனை தடவை போனோம் என்பதற்கு ஓர் எண். முந்தைய நாள் புதிதாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஒரு சொல். வெங்காயமும் பூண்டும் பலருக்கு வாயுவைக் கூட்டும் என்பதால், சாம்பாரில் சின்ன வெங்காயம் குவிந்த நாட்களையும் குறித்துக்கொள்ளலாம். மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எழுதத் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடித்தளம் கிடைக்கும்.

ஒரே நாளில் மூன்று மருந்துகளையும் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடங்குவது வசதி. பிடிப்பைத் தளர்த்தும் மருந்துகளை வலி உள்ள நாட்களில் மட்டும் எடுத்துக்கொண்டு அடங்கியதும் விட்டுவிடலாம். இசப்கோலை ஆண்டுக்கணக்கில் தொடரலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இசப்கோலைத் தவிர வேறெதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின் பலன் தரத் தொடங்கினால் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். பிறகு நிறுத்தும்போதும் ஒரேயடியாக நிறுத்தாமல், ஏற்றியதுபோலவே 10 மில்லிகிராம் வீதம் சில வாரங்களில் இறக்கிக்கொண்டு வருவார்கள்.